பழுப்பு ஸ்வெட்டர்

மார்ச் 9, திங்கள்
எங்கள் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் பனி உருகத் தொடங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எல்லோரும் கனத்த உடைகளைக் களைந்துவிட்டார்கள். நான் மட்டும் தொடை வரை தொங்கும் பழுப்பு ஸ்வெட்டரில். நாலு மாதம் முடிந்துவிட்டது. என் கணவன் நீலைத் தவிர யாருக்கும் தெரியாது. போன முறை மூன்றாம் மாதமே சொல்லிவிட்டேன். பிறகு ஒவ்வொருவரிடமும், "இல்ல, கலைஞ்சிடுச்சு" என்று சொல்ல வேண்டிவந்தது. அதை இன்னொரு முறை என்னால் முடியாது.

மார்ச் 17
பக்கத்து மேஜை ரோண்டா: "என்ன கிர்ஸ்டன், ஊருக்கே வெயில் வந்தாச்சு, உனக்கு மட்டும் இன்னும் ஜனவரியா?" சளி என்றேன். முதுகெல்லாம் வியர்வை.

மார்ச் 18
மறுபடி பனி. இவ்வளவு சந்தோஷமாய்ப் பனியைப் பார்த்ததே இல்லை.

மார்ச் 27
காலையில் அலமாரி முழுக்கக் கட்டிலில். பருத்திச் சட்டைக்குப் பொத்தான் எட்டவில்லை. நீலின் சட்டையைப் போட்டால் கூடாரம். "இப்படியே போயேன். அழகாத்தான் இருக்கே" என்றான். அவனுக்கென்ன? — திரும்பவும் ஸ்வெட்டர்.

மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரோண்டா என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்து, நான் தடுப்பதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு நடக்குது. ரோண்டா, யார்கிட்டயும்—"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயா சொல்ற வரைக்கும் தெரியாது. முதல்ல தண்ணி குடி."

அழுதுவிட்டேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 30
ரோண்டா அவளுடைய லினன் மேல்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். "லேசா இருக்கும், ஒண்ணும் தெரியாது. ஆனா மே மாசம் இதுவும் காப்பாத்தாது, சொல்லிட்டேன்." இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 8
ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம். காருக்குள் நீல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தான்.

ஏப்ரல் 15
இன்று பச்சைப் பூப்போட்ட மெல்லிய கவுன். மேலே ஒன்றும் போடவில்லை. ஏரிக் காற்று கைகளில் சில்லென்று பட்டது. அப்படியே ஆபீஸ் படியேறினேன்.

மேனேஜர் ஹேகன் பார்த்தார், காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எப்போ?"

"ஆகஸ்ட்ல" என்றேன்.

இன்றுவரை வீட்டில்கூட அந்த மாதத்தின் பெயரை நாங்கள் உச்சரித்ததில்லை.