நாலாவது பூச்சு

3 செப்டம்பர் 1984, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. ஆவணி மாதிரியே இல்லை. பட்டினச்சேரி ரோட்டில் என் பொறுப்பில் நடக்கும் ஒட்டுப்போடும் வேலை பாதியில் நிற்கிறது. தார் டின் ஒன்று ஓட்டை. ரோலர் டிரைவருக்குப் பல்வலி, கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் படுத்துவிட்டான்.

செய்ய வேண்டியது: கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மதகு வேலைக்குக் கையெழுத்து. மண் கூடை நாலு. வீட்டில் இவளுக்கு மூட்டுவலித் தைலம் (மூன்றாவது நாளாக மறதி).

சாயந்திரம் கோட்டுச்சேரி கலியபெருமாள் வீடு தேடி வந்தார். மகள் வசந்தாவுக்கு 14ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை நெடுங்காடு. “கிழக்கால நெல்லு காயப்போடுற தளம் மறுபடி உள்வாங்கிடுச்சுங்க. பந்தல் அங்கதான். ஒரு பூச்சு பூசிக் குடுத்துடுங்க.”

மறுபடி என்ற அந்த வார்த்தைதான் காதில் நின்றது. வர்றேன் என்றேன். காப்பியை மறந்துவிட்டேன், ஆறிப்போய்க் கிடந்தது.

4 செப்., செவ்வாய்

காலையில் கோட்டுச்சேரி. சைக்கிள் செயின் வழியில் இரண்டு தடவை கழன்றது. சனியன்.

தளம் பார்த்தேன். கிழக்குச் சுவரிலிருந்து ஏழடி, வாசற்படியிலிருந்து ஒன்பது. அது நடு. சுற்றி ஐந்தடி அகலத்துக்கு வட்டம். நடுவில் மூன்று விரல் பள்ளம், ஓரமெல்லாம் விரிசல். போன தடவையும் இதே இடம். அதற்கு முந்தின தடவையும்.

வட்டத்துக்குள் வாடின மல்லிகைச் சரம் ஒன்று.

குதிகாலால் தட்டினேன். டொம். சுவரோரம் போய்த் தட்டினேன், கெட்டி. திரும்ப வட்டத்துக்குள் வந்து தட்டினேன். டொம்.

கலியபெருமாள்: “மணவறை இதுமேலதான் போடணுமாம் வசந்தாவுக்கு. அம்மா மடியில உக்காந்து தாலி கட்டிக்கிறேங்குறா. தாயில்லாப் புள்ளைகிட்ட நான் என்னத்தச் சொல்றது?”

“நல்லாருக்கட்டும்” என்றேன். என் வாய்க்கு அது எப்படி வந்தது?

மணவறை, மணையில் இரண்டு பேர், ஐயர், ஹோமம், சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு பெண்டுகள். கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

5 செப்., புதன்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று இவளிடம் சொல்லிவிட்டேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன், அதனால் கேள்வி கேட்கவில்லை.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த இடம் ஒரு கிணறு. பதினாறு வருஷம் ஆகிறது. கலியபெருமாள் சம்சாரம் அஞ்சம்மாள் விடியக்காலை மழையில் தண்ணீர் சேந்தப் போனவள், உள்ளே விழுந்துவிட்டாள். உடலை அன்றைக்கே மேலே எடுத்தாயிற்று. நாலு வயசு வசந்தா தண்ணீர் கேட்டு அழுதாள், அதற்குத்தான் போனாள் என்று தெருவில் பேச்சு. கிணற்றடிப் பாசியில் கால் சறுக்கின தடத்தை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் கலியபெருமாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அந்தக் கெணத்து வாயப் பாக்க முடியலங்க. நாளைக்குள்ள தூர்த்துடுங்க.”

மணல் வண்டி வரவில்லை. ஆற்றில் தண்ணீர். கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த வாழை முப்பது நாற்பது கிடந்தது. பதர் மூட்டை. பழைய கூரைக் கீற்று. அத்தனையையும் உள்ளே தள்ளினேன். மேலே நாலடிக்கு மட்டும் மணல். அதன்மேல் செங்கல் ஜல்லி, சிமெண்டு. முடிந்தது.

அவசரம் என்று சொல்லலாம். அது பாதிப் பொய். பயம்தான். ஒவ்வொரு வாழையும் தண்ணீரில் விழும்போது ஆள் விழுகிற மாதிரியே சத்தம். குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. எப்படியாவது நிரம்பித் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

வாழை அழுகும், அழுகினால் மேல்மண் இறங்கும். இது தெரியாதவனா நான்? இறங்கியது, பூசினேன். மறுபடி இறங்கியது, மறுபடி பூசினேன். முதல் தளத்தோடு சேர்த்து மூன்று பூச்சும் என் கையால்.

6 செப்., வியாழன்

மத்தியானம் இடி, நல்ல மழை. விட்டதும் கோட்டுச்சேரி போனேன். சவரிமுத்துக் கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லியாகிவிட்டது.

தளத்தில் மற்ற இடமெல்லாம் வடிந்துவிட்டது. வட்டத்தில் மட்டும் தண்ணீர், தட்டு வைத்த மாதிரி. அதில் மல்லிகை மிதந்தது. வசந்தா பக்கத்தில் குந்தியிருந்தாள். தாயின் நெற்றி அப்படியே.

“வாங்க மாமா. அம்மாவுக்குத் தண்ணி வந்துருச்சு, பாத்தீங்களா?”

என்னம்மா சொல்றே என்றேன்.

“நான் தண்ணி கேட்டுத்தானே போனாங்க. அதான் இங்கயே சுத்துறாங்க. நீங்க பூசப் பூச பள்ளம் பண்ணிக்கிட்டு, நான் இருக்கேன்டிங்குறாங்க. தெனம் பூ வப்பேன். பேசுவேன். அப்பா திட்டும்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். பேய் பிடித்த பெண் மாதிரியெல்லாம் இல்லை, தெளிவாக இருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்பி கட்டி மேலே கனமாக ஒரு தளம் போட்டுவிட்டால் என்ன? வசந்தாவுக்கும் அம்மா இருப்பாள். எனக்கும் மானம் இருக்கும். வழியெல்லாம் இதே யோசனை.

வீட்டில் இவள்: “எதுக்கு உக்காந்த எடத்துல குதிகாலால தரையத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?”

தட்டுவது எனக்கே தெரியவில்லை.

7 செப்., வெள்ளி

புழுக்கம். சவரிமுத்து பழைய தளத்தைக் கொத்த ஆரம்பித்தான். நான் சுவரோரம் நின்று ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி இருக்கும். “ஐயோ அண்ணே!” என்று கத்தினான். திரும்பினால் அவன் கையில் கடப்பாரை இல்லை. வட்டத்தின் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. கொஞ்சம் கழித்து அடியில் எங்கேயோ தொளக் என்று ஒரு சத்தம். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வந்துவிட்டான்.

கலியபெருமாள் ஓடி வந்தார். கற்பூரம் ஏற்றினார். “கடப்பாரைய வாங்கிக்கிட்டா. அவளுக்கு இந்தக் கல்யாணம் புடிக்கல. அதான் வாயத் தொறந்துட்டா. நான் நெடுங்காட்டுக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிடுறேன்.”

வசந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மா வேணாம்னா வேணாம்ப்பா” என்றாள். முகம் வெளுத்துப்போய்விட்டது. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது என்று அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

ஓட்டையைச் சுற்றி முள் போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய் திறந்தது கிணறா? நான்தான் திறந்திருக்க வேண்டும்.

8 செப்., சனி

விடிந்ததும் போனேன். நெடுங்காட்டுக்குப் போகிற ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். இருக்கச் சொன்னேன்.

கலியபெருமாளையும் வசந்தாவையும் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். வாழை, பதர், கீற்று. மூன்று பூச்சு. நின்றபடியே சொன்னேன். உட்கார முடியவில்லை.

கலியபெருமாள் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “பதினாறு வருசம் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்யா. என்னடி கோவம், சொல்லேன்னு இந்த எடத்துல நின்னு அழுதுருக்கேன். நீங்களும் பக்கத்துல நின்னீங்க.”

ஆமாம். நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.

வசந்தாவிடம் சொன்னேன்: “பாசி வழுக்குச்சும்மா. நான் தடத்தப் பாத்தேன். நீ கேட்டதுனால இல்ல. அம்மாவுக்கு உம்மேல ஒண்ணும் இல்ல. தரை எறங்கினதுக்கு நான்தான் காரணம்.”

அவள் மனசு லேசாகும் என்று நினைத்தேன். கிழட்டு மடையன் நான்.

“அப்ப அம்மா கூப்புடவே இல்லையா மாமா?” என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“இத்தன வருசமா வாழமட்டைக்கா பூ வச்சேன்?”

எழுந்து உள்ளே போய்விட்டாள். நெடுங்காட்டுக்குப் போக இருந்தவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கல்யாணம் நடக்கும். அதற்காகவாவது சொன்னது சரி. சரிதானே?

9 செப்., ஞாயிறு

சவரிமுத்து சர்ச் பூசையை விட்டுவிட்டு வந்தான். ஆள் ஆறு பேர். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வட்டத்தை ஓரத்திலிருந்து உடைத்தார்கள். மேல்மணல் பொதபொதவென்று உள்ளே போனது. கீழே எட்டடி வெறும் வெளி. அதற்கடியில் கறுப்புச் சேறு. நாற்றம். அந்தத் தளத்தின் மேல் பதினாறு வருஷம் நெல் காய்ந்திருக்கிறது, பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். நினைத்தாலே கால் கூசுகிறது.

இந்தத் தடவை குனிந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி வாங்கி வந்து கடப்பாரையைத் தேடினோம். விடவிட அழுகின நார்தான் வந்தது. வசந்தா காலையிலிருந்து படியிலேயே நின்றாள். சாப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை கரண்டி மேலே வரும்போதும் கேட்டாள்: “ஒண்ணுமில்லையா மாமா?”

ஒண்ணுமில்லம்மா.

ஆறு தடவை கேட்டாள், ஆறு தடவை சொன்னேன். கடப்பாரை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாயந்திரத்துக்குள் மணல் வந்தது. எல்லாம் ஆற்று மணல். அடிக்கு அடி தண்ணீர் விட்டு, கட்டையால் இடித்து இடித்து நிரப்பினோம். நானும் இடித்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

10 செப்., திங்கள்

வானம் மூட்டம், மழை இல்லை. புண்ணியம்.

தளம் போடும் முன் சவரிமுத்து: “எங்க பக்கம் கெணறு தூர்த்தா ஒரு கொழா விடுவாங்கண்ணே. உள்ள இருக்குறது மூச்சு வுட.” நல்ல யோசனை என்று பட்டது. ஒரு சாண் குழாய் வெளியே தெரிந்தாலும் வசந்தாவுக்கு ஒரு அடையாளம். போய்க் கேட்டேன்.

அரைத்துக்கொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: “வேணாம் மாமா. வாழமட்டைக்கு எதுக்கு மூச்சு?”

குழாய் விடவில்லை. ஜல்லி போட்டு, கலவை போட்டு, சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்தோம். நாலாவது பூச்சு. என் வேலையில் இவ்வளவு சமமாக ஒரு தளம் போட்டதில்லை. ரசமட்டத்தில் குமிழி நடுவை விட்டு நகரவில்லை. ஈர வைக்கோல் பரப்பியாயிற்று.

14 செப்., வெள்ளி

முகூர்த்தம் முடிந்தது. மணவறையை முன்வாசல் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டாளாம் வசந்தா. நான் கடைசி வரிசையில். கலியபெருமாள் சாப்பிடக் கூப்பிட்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

தாலி ஏறும்போது வசந்தா தலையைத் திருப்பித் தளத்தைப் பார்த்தாள். அங்கே சமையல்காரர்கள் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாயசம் நன்றாக இருந்தது என்று இவள் சொன்னாள். நான் அதற்குள் இலையை மூடிவிட்டேன்.

17 செப்., திங்கள்

பட்டினச்சேரி ஒட்டு முடிந்தது. கொம்யூன் கையெழுத்து இன்னும் இல்லை. மத்தியானம் நல்ல மழை.

விட்டதும் தளம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மறுவீட்டுக்கு வசந்தா வந்திருந்தாள். புதுத் தாலி, மஞ்சள், தளத்தின் நடுவே தனியாக நின்றாள். கையில் மல்லிகைச் சரம். தண்ணீர் எங்கேயும் நிற்கவில்லை. எல்லாம் வடிந்துவிட்டது.

“எந்த எடம்னே தெரியல மாமா” என்றாள். “எங்க வக்கிறது?”

சுவரிலிருந்து ஏழடி, படியிலிருந்து ஒன்பது. அடியெடுத்து அளந்து போய் நின்றேன். இங்கேதான் என்று குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினேன். சத்தமே வரவில்லை.

அவள் குனியவில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பள்ளமா வுட்டுருக்கலாம்ல மாமா?”