பாதைக்குத் தார் வந்துவிட்டது

கில்டோரன்,
நவம்பர்.

அன்பு மகள் கிரான்யாவுக்கு அப்பா எழுதுவது.

நான் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், நீ எழுதாதபோது நானாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழையில்லாத நாட்டில் நீச்சல்குளம் கட்டி விற்கிற மனிதருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. வெயிலில் தலையைக் காட்டாதே, நம் வம்சத்துத் தோல் அதற்காகப் பிறந்ததல்ல. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று, தாயைப் போலவே முட்டுகிறது. கொட்டகைக் கூரைத் தகடு போன மாதக் காற்றில் பறந்துபோய்ப் பாதிரியார் தோட்டத்தில் விழுந்தது, அவர் முட்டைக்கோஸ் நாசம், அதற்காக எனக்கு வருத்தமில்லை.

ஊரில் முன்னேற்றம் கரைபுரண்டு ஓடுகிறது. முன்னேற்றக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அவர்கள் கவுன்சிலைப் பிடித்துக் கெஞ்சி ஒரு பஸ் நிழற்குடை வாங்கிவிட்டார்கள். மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று கில்டோரனில் கைக்குழந்தைக்கும் தெரியும், குழுவுக்குத் தெரியவில்லை, திறந்த பக்கத்தை மேற்கே பார்த்து நிறுத்திவிட்டார்கள். கவுன்சிலர் ஃபெர்கல் டூஹி ரிப்பன் வெட்டிவிட்டு உள்ளே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டான், வெளியே வரும்போது கோட்டைப் பிழிந்தான். இப்போது ஜனங்கள் நிழற்குடைக்குப் பின்பக்கம் நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அடுத்ததாக விளையாட்டுத் திடல் வருகிறதாம். விளையாடுகிற வயதில் இருந்தவர்களெல்லாம் உன்னைப் போல விமானம் ஏறிப் போய்ப் பிள்ளைகளை வேறு தேசத்தில் பெற்றுக்கொண்ட பிறகு இங்கே ஊஞ்சல் கட்டுகிறார்கள், அதில் பாதிரியார்தான் உட்கார்ந்து ஆட வேண்டும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கேட்டாய் என்றால், வசந்தத்தில் ஒரு அட்டை அனுப்பினாய், அதில் அன்புள்ள அப்பாவும் இல்லை, உடம்பு எப்படி என்ற விசாரிப்பும் இல்லை, ‘அப்பா, நூலா அத்தைக்காகக் கையெழுத்துப் போடுங்க’ என்ற ஒரே வரி. அதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், முழுக்கதையையும் கேள். நம் பாதை கவுன்சிலுக்குச் சொந்தமானதல்ல, அதில் வாசல் வைத்திருக்கிற இரண்டு வீட்டுக்குச் சொந்தம், நெடுஞ்சாலைப் பக்கம் நான், மேட்டின் கடைசியில் மலாக்கியும் அவன் மனைவி நூலாவும். வீட்டுக்காரர்கள் செலவில் ஒரு பங்கு கட்டினால் இப்படிப்பட்ட பாதைகளுக்கும் தார் போட்டுக்கொடுக்கக் கவுன்சிலிடம் ஒரு திட்டம் இருக்கிறது. ஆனால் பாதையில் வாசல் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் போடாவிட்டாலும் மனு அடுக்கின் அடிக்குப் போய்விடும். அந்த ஒருவர் நான்தான். என் வாசலுக்கு எதிரேதான் பள்ளங்கள் ஆழம், அந்தப் பள்ளத்தில் எந்த வண்டியும் தவழ்ந்துதான் போகும், போகிறவர்கள் ஜன்னலில் என்னைப் பார்த்துத் தலையசைக்காமல் தப்ப முடியாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மலாக்கிக்குப் போதவில்லை. நூலாவின் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியதும் ஆஸ்பத்திரி வேன் அவளை ஏற்றிப்போக வந்தது, முதல் நாளே அச்சு முறிந்து என் வாசலில் நின்றது, அதற்குப் பிறகு அந்த டிரைவர் நெடுஞ்சாலையை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மலாக்கி மனுவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான், உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. “உனக்கு ஒரு செலவும் வேணாம் கோல்மன், உன் பங்கையும் நானே கட்டிடுறேன், நீ கையெழுத்து மட்டும் போடு” என்றான். நான் சொன்னேன், “எங்க பிரீஜ் செத்தப்ப உனக்குப் புல்லு பெருசாத் தெரிஞ்சுது. இன்னைக்கு எனக்குப் பாதை பெருசாத் தெரியல.” அவனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், “அதுக்காகவாய்யா?” என்று மட்டும் கேட்டான்.

அதற்காகத்தான். உன் அம்மாவின் அடக்கத்துக்கு நீ வந்து அழுதுவிட்டுப் போனாய், குழி யார் வெட்டினார்கள் என்று நீ கேட்டதில்லை. நம் ஊரில் கூலிக்கு ஆள் வைத்துக் குழி வெட்டுகிற வழக்கம் இல்லை, அக்கம்பக்கத்தார்தான் வெட்ட வேண்டும், முதல் மண்வெட்டி அடுத்த வீட்டுக்காரனுடையது. அன்றைக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு வெயில் அடித்தது. மலாக்கி தீவனப் புல் அறுக்க வாடகை இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தான், இயந்திரம் வந்துவிட்டது, இவன் புல்வெளிக்குப் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், அவனுடைய இயந்திரச் சத்தம் மேட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது, அடுத்த ஊர்க்காரன் ஒருவன் உன் அம்மாவுக்குக் குழி வெட்டினான். மறுநாள் மாதாகோவிலுக்கு மலாக்கி குளித்துச் சவரம் செய்து வந்து என் கையைக் குலுக்கினான். அந்தக் கையை நான் அன்றைக்கே கழுவிவிட்டேன், மற்றதைக் கழுவவில்லை.

இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து அவன் நூலாவை டிராக்டரில் கொண்டுபோனான். பின்னால் ஆட்டுக்குட்டிகளை ஏற்றும் இரும்புப் பெட்டி இருக்கிறதே, அதில் சமையலறை நாற்காலியைக் கட்டி, அவளை உட்கார வைத்து, தார்ப்பாயால் போர்த்தி, கொட்டுகிற மழையில் நெடுஞ்சாலை வரைக்கும். என் வாசல் பள்ளத்தில் டிராக்டர் தவழும்போது அவள் தார்ப்பாயை விலக்கி ஜன்னலைப் பார்ப்பாள், நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். “டீ சூடா இருக்கா கோல்மன்? எனக்கும் சேத்து ஒரு வாய் குடி, எனக்குத் தண்ணியே அளந்துதான் தர்றானுவ” என்று கத்துவாள். நான் கோப்பையைத் தூக்கிக் காட்டுவேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவள் ஒருநாளும் திட்டவில்லை. ஃபெர்கல் டூஹி இரண்டு தடவை வந்து, “அண்ணே, அந்தம்மாவ ஆட்டுக்குட்டி மாதிரி ஏத்திட்டுப் போறதப் பாக்க எனக்கே ஒரு மாதிரி இருக்குண்ணே” என்றான். பார்க்காதே என்றேன். ஓட்டுப் போட மாட்டீங்களா என்று இழுத்தான், போன தடவையும் போடவில்லை என்றேன், டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் பெட்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது நாற்காலிக் கட்டு அவிழ்ந்து அவள் விழுந்தாள். என் வாசலிலேதான். இடுப்பு எலும்பு போயிற்று. மலாக்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், நான் போனேன், போகாமல் இருப்பேனா, நான் ஒன்றும் மிருகமில்லை, இருவருமாகத் தூக்கினோம், அவளுக்கு எடையே இல்லை. அவளை டவுனில் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள், ஆஸ்பத்திரிக்கு அது பக்கம். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பாதை சரியாகட்டும் என்று நர்சுகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில், சனிக்கிழமை, போய்ச் சேர்ந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திங்கட்கிழமையில் குழி தொடங்கக் கூடாது என்பது ஊர் நம்பிக்கை என்பதால் ஞாயிறு பூசை முடிந்ததுமே மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் முதல் புல்லைப் பெயர்த்தேன், அடுத்த வீட்டுக்காரன் அல்லவா. திங்களன்று மற்றவர்கள் வருமுன்பே இறங்கிவிட்டேன். இந்த முழங்காலோடு, கிரான்யா. பக்கங்கள் சுவர் போல நேராக வெட்டினேன், அடியைத் தட்டிச் சமன் செய்தேன், குழி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் பார்க்க வேண்டும், பார்த்துக் கூசிச் சாக வேண்டும் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் நினைத்துக்கொண்டேன். மலாக்கி வந்தான். குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மண் அப்பிய என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்ல கோல்மன். நூலா பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பா” என்று அழுதான். அந்த மடையனுக்கு நான் செய்தது என்னவென்றே தெரியவில்லை. அவன் வெட்கப்பட வேண்டும் என்று நான் இடுப்பொடிய வெட்டினேன், அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கவுன்சிலர்கள் சாவு வீடு எதையும் தவறவிடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபெர்கல் டூஹி கோட்டுக்குள்ளிருந்து மனுவை எடுத்தான். “இப்பவாவது ஒரு கையெழுத்துண்ணே” என்றான். அவனுடைய காரின் மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனது வந்து போட்டேன் என்று ஊர் சொல்கிறது, நீ அப்படி நினைக்காதே. இல்லை என்று சொல்வதற்கு எதிரே ஆள் வேண்டுமே, அந்த ஆள் மண்ணுக்குள் போய்விட்டாள், அதனால் போட்டேன்.

அக்டோபரில் தார் வந்தது. வழவழவென்று, கறுப்பாக, நெடுஞ்சாலையிலிருந்து மலாக்கி வாசல் வரைக்கும். வேலைக்காரர்களுக்கு அவன்தான் டீ கொடுத்தான். சாயங்காலங்களில் அதன் நடுவிலே கீழும் மேலும் நடக்கிறான், எங்கும் போவதில்லை, சும்மா நடக்கிறான். நான் ஜன்னலில் இருந்தால் கையை உயர்த்துகிறான். ஆனால் வண்டிகள் எதுவும் இப்போது என் வாசலில் தவழ்வதில்லை. தபால்காரன் சர்ரென்று போய்விடுகிறான், பால் லாரியும் அப்படியே. நான் நாற்காலியிலிருந்து எழுந்து இந்தக் காலை ஊன்றி ஜன்னலுக்குப் போவதற்குள் பின்விளக்குதான் தெரிகிறது. முன்பு நாளைக்கு நான்கு பேராவது என் முகத்தைப் பார்த்தார்கள்.

போன வாரம் கடையில் மலாக்கியைப் பார்த்தேன். அவனாகவே பேசினான். “கிரான்யா கிறிஸ்துமஸுக்கு வருதே. நம்ம வீட்லதான் தங்குது. நூலா இல்லாத முத கிறிஸ்துமஸ், நீங்க தனியா இருக்க வேணாம் மாமான்னு சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணிடுது பாவம்” என்றான். தெரியும் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது என்பது அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது, தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டான். நான் ஒரு பாட்டில் கடுகு சாஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. நீ செய்வது சரி தவறு என்று நான் சொல்லவில்லை. வலிக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன், நானும் உன் அம்மா போன பிறகு ஒரு முதல் கிறிஸ்துமஸ் கழித்தவன்தான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுப்பாய், நெடுஞ்சாலையிலிருந்து திரும்புவாய், பாதை வழவழப்பாக இருக்கும், மேட்டுக்கு ஒரே மிதியில் போய்விடுவாய். அதனால் ஃபெர்கல் டூஹியை வீட்டுக்கு வரவழைத்து, வண்டிகள் கண்மண் தெரியாமல் போகின்றன, என் வாசலுக்கு எதிரே ஒரு வேகத்தடை வேண்டும் என்று கேட்டேன். “பாதை உங்க ரெண்டு பேருக்கும் சொந்தம்ணே, அவரும் கையெழுத்துப் போட்டாத்தான் முடியும்” என்று சொல்லிவிட்டான், சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, அதை நான் மறக்க மாட்டேன். மனுவை எடுத்துக்கொண்டு மேடேறி மலாக்கி வாசலுக்குப் போனேன், எத்தனை வருஷத்துக்குப் பிறகு. தொப்பியைக் கழற்றினேன். உள்ளே வா என்று கூப்பிட்டான், டீ போட்டான். மனுவைப் படித்துவிட்டு, “இப்பத்தானே சமனாப் போட்டாங்க, அதுக்குள்ள ஏன்யா மேடாக்கணும்?” என்றான். காரணத்தை நான் சொல்லவில்லை. மனுவை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு, “கிரான்யா கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்” என்றான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும், உங்கள் குளங்களில் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும், கடவுளும் உன் அம்மாவும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். வரும்போது கனமான கோட்டு கொண்டு வா, இங்கே குளிர் அதிகம். ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது மலாக்கி உன்னிடம் கேட்பான். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, கிரான்யா.

இப்படிக்கு,
கீழ்வீட்டிலிருந்து,
உன் அப்பா
கோல்மன்