உன் விளக்கை நான் ஏற்றுகிறேன்

அக்கா,

எலுமிச்சைத் தோல் நெய்யில் கருகும் வாசனை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுக் கழுவியும் பார்த்துவிட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை. ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்குப் போட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். என் விளக்கு இல்லை, உன்னுடையது. செத்துப்போயும் என்னிடம் வேலை வாங்குகிறாய் பார்.

தொண்ணூற்றைந்து வாக்கில் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். செவ்வாய் தவறாமல் என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாய். உனக்கு ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். எனக்குத் துர்க்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். உனக்கு அது பொறுக்காது.

"சும்னே நின்னுட்டு வரியேடி, பேஜாரா இல்ல? எதுனா கேளு. கேக்காதவளுக்கு எதுக்குடி குடுப்பா?"

"புடிச்சிருக்குது, வரேன். அவ்ளோதான்க்கா."

"லூசு" என்று தலையில் தட்டுவாய். அதில் பாசம் இருந்தது என்று நம்பினேன். மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் என் வீட்டுக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் அப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரி சூப்பர்வைசர். உன் புருஷனுக்கும் தம்பிக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அவருக்கே வேலை போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, பழத்தோடு வாசலில் காத்திருந்தேன். புதிய சூப்பர்வைசரின் மனைவியோடு என்னைக் கடந்து போனாய், அவள் பூக்கூடையையும் நீயே தூக்கிக்கொண்டு. "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"நீ போய்க்கினு இரு, எனக்கு வேற வேல கீது" என்றாய், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு குழம்புக் கிண்ணமும் வரவில்லை. சாமியையும் என்னையும் நீ ஒரே மாதிரிதான் கும்பிட்டிருக்கிறாய். உன் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆத்திரம் அப்படியே இருக்கிறது.

உன் சாவுக்கு வந்தேன், அழவில்லை. காரியம் முடிந்த பிறகு உன் மகள் என்னைத் தேடி வந்தாள்.

"சித்தி, எனக்குக் கல்யாணம் கூடி வரணும்னு அம்மா வௌக்கு போட்டுன்னு இருந்தாங்க. பாதியில நின்னுபோச்சு. சாவு வூட்டுக்காரங்க ஒரு வருசம் கோயிலுக்குப் போவக்கூடாதாமே. அந்த ஆன்ட்டிய கேட்டேன், டைம் இல்லன்னுட்டாங்க."

எந்த ஆன்ட்டி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நீ கூடை தூக்கினாயே, அவள்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மகளிடம் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமலும் ஒருத்திக்குச் செய்யலாம் என்று நீ எங்கிருந்தாலும் பார்க்க வேண்டும், பார்த்து வயிறு எரிய வேண்டும். அதற்காகத்தான் போகிறேன்.

துர்க்கையிடம் எதுவும் கேட்காதவள் இன்று வாய் திறந்து கேட்டேன், உன் மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று. கேட்டுவிட்டு நிமிர்ந்தேன். தருவாளா, மாட்டாளா என்றுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். முன்பு சும்மா நின்றபோது இருந்த சந்தோஷம் வரவே இல்லை. உன்னைப் போலவே நின்றுகொண்டிருந்தேன், அக்கா.

இதற்காகவும் உன்னை விடப்போவதில்லை.