மேல் பல்லைப் பிடுங்கினால்

போன வாரம் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. உடனே நீ வந்துவிட்டாய். பக்கத்துத் தறியில் நின்றுகொண்டு, கன்னத்துக்குள் கிராம்பை ஒதுக்கி, வலியைக் காட்டாமல் சிரிப்பாயே, அந்த நீ.

கூட்டாளி, இதை நானே எழுதுகிறேன். மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்துக்கொண்டேன். ஒரு வரி எழுத நேரமாகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. எந்த பஸ் ராயகிரி போகும், எது கடையநல்லூர் போகும் என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கும் படித்துச் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பயம் வந்தது. எனக்கும் மேல் பல். உனக்கு வலித்த அதே இடப் பக்கம். சொத்தை வேர் வரை போய்விட்டது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு இப்படி ஓர் ஆஸ்பத்திரிப் படியில் நீ ஏறப் போனாய். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏலே, மேல் பல்லைப் பிடுங்குனா கண்ணு போயிரும்லே. அப்புறம் தறிக்கு எப்படி வருவே?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "உன் மூஞ்சியப் பாக்காம இருந்துக்கிடலாம். நூலப் பாக்காம முடியாதே" என்று சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டாய்.

நான்கு நாளில் கன்னம் வீங்கியது. பிறகு இடக் கண் மூடிக்கொண்டது. "கண்ணு தெரியலலே" என்றாய். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை உடம்பு, பல்லின் சீழ் தலைக்கு ஏறிவிட்டது, முன்பே பல்லை எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள். உன் வீட்டில் விதி என்று அழுதார்கள். நானும் தலையாட்டினேன்.

போன வாரம் நாற்காலியில் சாய்ந்ததும் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா உடனே ஊசியை எடுக்கவில்லை. சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"என்ன தாத்தா, இப்படி வேர்க்குது? எதுக்குப் பயப்படுதீங்க?"

"கண்ணு போயிரும்லாம்மா."

அவர் சிரிக்கவில்லை. "பல்லு நரம்பு வேற, பார்வை நரம்பு வேற தாத்தா. பல்லை எடுத்தா கண்ணு போகாது. சீழ் வச்ச பல்லை விட்டுவச்சாத்தான் ஆபத்து. யாரு உங்ககிட்ட இப்படிச் சொன்னா?"

ஊரே சொல்லும். ஆனால் உன்னிடம் சொன்ன வாய் எது?

"நாந்தாம்மா சொன்னேன்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

ஊசி போட்டதும் கண்ணுக்குக் கீழே மரத்துப்போனது. போச்சு, படித்த எழுத்தெல்லாம் போச்சு என்று நினைத்தேன். வலக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளை இடக் கண்ணால் மனசுக்குள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கையை எடுங்க தாத்தா, பல்லு வந்துட்டு" என்று அவர் சொல்லும்வரை படித்துக்கொண்டே இருந்தேன்.

கண் நன்றாக இருக்கிறது. பயம் மட்டும் போகவில்லை.

இன்று தையல் பிரிக்கப் போனேன். வாசலில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார்.

"மேல் பல்லா அண்ணாச்சி?"

"ஆமா வே. கண்ணு போயிரும்னு சொல்லுதாங்க."

"போகாது. எனக்கு எடுத்தாச்சு, பாரும்."

"உமக்குப் போகல. எனக்குப் போகாதுன்னு என்ன வே நிச்சயம்? நீரு என்ன டாக்டரா?"

இவரும் உன்னைப் போலத் திரும்பிப் போய்விடுவாரோ என்று வழியை மறித்து நின்றேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். சட்டையைப் பிடித்து இழுத்தது யார் என்பதையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு படியேறினார். அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.

முன்பின் தெரியாத அந்த மனிதர் என்னிடம் எத்தனை கேள்வி கேட்டார். நீ ஒன்றுகூடக் கேட்கவில்லை, கூட்டாளி. நான் சொன்னேன் என்பதற்காகத் திரும்பி நடந்தாய்.