இடுப்பளவு பார்க்காத படகு

பெரியவனின் அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த வாடகை வீட்டுக் கூடத்தில் நானே ஒரு கயாக் செய்தேன், ஒற்றையாள் மரப்படகு. உடன் தங்கியிருக்கும் தச்சர், உட்காரும் துளையை இடுப்பளவு பார்த்து வெட்டச் சொன்னார். "எனக்கே பாடமா?" என்று கத்திவிட்டு, மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

ஞாயிறன்று உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு சிக்கி எழ முடியவில்லை. அவர்தான் ரம்பத்தால் அறுத்து எடுத்தார். "அசையாதீங்கண்ணே, பலகை போனா வேற போட்டுக்கலாம்" என்றார். சிரிக்கக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போய், "டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மருமகனிடம் சொல்லாதே. எப்படித் தொடங்குவது என்று எழுது. இத்தனை வருடத்தில் உன்னிடமே நான் மன்னிப்புக் கேட்டதில்லை. முதலில் உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்