பதினாறு ஓமும் ரெண்டு தேயிலைப் பெட்டியும்

பெப்ரவரி 7, சனி

காலையில பனி. எதிர் மலை பத்து மணிக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. குளிக்கல. தலைய மட்டும் நனைச்சுக்கிட்டு வந்து அம்மா முன்னால துவட்டினேன். நம்பிட்டாங்க.

பின்னேரம் பேண்ட் பயிற்சி. முடிஞ்சதும் லோகா அண்ணன் என்னை மட்டும் நிறுத்தினார். (எங்க தலைவர். கிட்டார். பகல்ல முனிசிபல் கிளார்க். இனிமே லோ.அ.) அவர் சொன்னது அப்படியே:

"தம்பி, உன்கிட்ட பேஸ் கிட்டார் இருக்கு. அம்ப் இருக்கு. சத்தம் எங்க?"

நியாயமான கேள்வி. அம்ப் நல்ல அம்ப். கலஹா தோட்டத்து கிளப்ல படம் காட்ட வச்சிருந்த வால்வு அம்ப். கிளப்பை மூடினப்ப மாமா எனக்கு வாங்கித் தந்தார். உள்ள நாலு கண்ணாடிக் குழாய். போட்டா செவந்து எரியும், குளிருக்கு கை காயலாம். ஸ்பீக்கர் பெட்டிதான் கிடையாது. இவ்வளவு நாளா லோ.அ. பெட்டியிலயே வயரைச் சொருகி வாசிச்சேன். போன வாரம் அதுக்குள்ள இருக்கிற காகிதக் கோன் கிழிஞ்சிருச்சு. நான்தான் கிழிச்சேன்னு யாரும் சொல்லல. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, அவ்வளவுதான்.

வர்ற 22 ஞாயிறு டவுன்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். அதுக்குள்ள எனக்குச் சொந்தமா பெட்டி வேணும். இல்லன்னா ஓர்கன் வாசிக்கிற மோகன் இடது கையாலயே பேஸ் வாசிச்சிருவானாம். அதுக்கப்புறமும் அவன்தானாம். நான் வீட்டுல இருந்து வானொலி கேக்கலாம்.

மோகன் இடது கையைத் தூக்கி அஞ்சு விரலையும் ஆட்டிக் காட்டினான். நகம் வெட்டி ரெண்டு மாசம் இருக்கும்.

8, ஞாயிறு

வெயில். சைக்கிளை வித்தாச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. யாராவது கேட்டா, "டயர் பஞ்சர்". பொய் இல்ல, விக்கும்போது பஞ்சர்தான்.

என்ன வழி இருக்குன்னு பார்த்தா:

கடைக் கண்ணாடிக்குள்ள நிக்கிற வெளிநாட்டுப் பெட்டி. போன கிழமை விலைச்சீட்டைப் பார்த்தேன். அப்பாவோட நாலு மாசச் சம்பளம். கடைக்காரர் என்னைப் பார்த்து கண்ணாடியத் தொடாதேன்னார். தொட்ட கை அடையாளத்தை இன்னும் துடைக்கல, நேத்தும் பார்த்தேன்.

கோயில் ஒலிபெருக்கிக் குழாய். சும்மா தர ஆள் இருக்கு. ஆனா அதுல பேஸ் வாசிச்சா கொசு மாதிரி கேக்கும்.

பிலிமத்தலாவைல ஒரு கல்யாண பேண்ட் முதலாளி பழைய பெட்டி விக்கிறாராம். நாலு ஸ்பீக்கராம். லோ.அ. கேள்விப்பட்டது.

அப்புறம் மார்க்கட்டுக்குப் பின்னால ஸ்பீக்கர் கோன் ஒட்டுற நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

10, செவ்வாய்

ஸ்கூல் விட்டு நேரா நானா கடை. கடை பூரா பசை வாசம். கிழிஞ்ச ஸ்பீக்கரெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு சுவத்துல தொங்குது.

"வாங்க மகன். என்ன தேடுற?"

சொன்னேன். அவர் முதல்ல கேட்டது, "அம்ப்புக்குப் பின்னால என்ன எழுதி ஈக்கி?" 4, 8, 16 ஓம்னு மூணு ஓட்டை இருக்குன்னேன். அப்ப ஸ்பீக்கரும் அதே ஓமா இருக்கணுமாம், பெட்டி அழகைப் பார்த்து வாங்கக் கூடாதாம். "இன்னொண்டு. வால்வு அம்ப்ப ஸ்பீக்கர் மாட்டாம போட்டுராதீங்க. உள்ளுக்க டிரான்ஸ்போமர் மவுத்தாகிடும்."

செத்துரும்ங்கிறார். போன வாரம் சும்மா வெளிச்சம் பார்க்க ரெண்டு தரம் போட்டேன். அவர்கிட்ட சொல்லல. வேர்த்துருச்சு.

அவர்கிட்ட ஒண்ணு இருக்கு. பழைய சினிமா ஹோல்ல இருந்து வந்த பதினஞ்சு அங்குலம். கோன்ல ரெண்டு ஒட்டு. பதினாறு ஓம். விலை என் சைக்கிளை விடக் குறைவு. ஆனா வெறும் ஸ்பீக்கர்தான், பெட்டி இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்னார்.

வீட்டுல அக்காகிட்ட ஓம்னா என்னன்னு கேட்டேன். (ராஜி அக்கா, ஏ.எல். கணக்குப் பிரிவு. உலகத்துல தெரியாதது இல்ல.) அரை மணி நேரம் விளக்கினா. எனக்குப் புரிஞ்சது: எங்க ஸ்கூல் கணக்கு சேர் யாழ்ப்பாணம், 'ஆமா'வுக்குப் பதிலா 'ஓம்'தான், ஒரு பாடத்துக்குப் பதினாறு ஓமுக்குக் குறையாம சொல்றவர். அவரையே அம்ப்புல மாட்டிரலாம்.

அக்கா சிரிக்கல. சிரிப்பை அடக்கினா, மூக்கு காட்டிக் குடுத்துருச்சு.

12, வியாழன்

நானா கடையில ஸ்பீக்கரை எடுத்துட்டேன். கட்டிலுக்கு அடியில. லோ.அ.கிட்ட சொன்னா, "பெட்டி இல்லாத ஸ்பீக்கரை மேடையில படுக்கவா வைப்ப? சனிக்கிழமை பிலிமத்தலாவை போவோம்"ங்கிறார். சரி, போவோம்.

14, சனி

பிலிமத்தலாவை. நானும் லோ.அ.வும். பஸ்ல ஒரு அம்மாவோட கோழி என் செருப்பைக் கொத்திக்கிட்டே வந்துச்சு.

பெட்டியைப் பார்த்ததும் லோ.அ. முகம் மாப்பிள்ளை முகமாயிருச்சு. அலுமாரி உயரம். கறுப்புத் துணி, ஓரத்துல வெள்ளி நிறப் பட்டி, முன்னால நாலு வட்டம். முதலாளி சிங்கள ஆள், தமிழ் நல்லாப் பேசுறார், தம்பிக்கு மட்டும் 'மல்லி'. "மல்லி, கண்டியிலயே இப்பிடி ஒண்ணு இல்ல."

அக்கா ஒரு டோர்ச் பேட்டரியும் ரெண்டு வயரும் தந்துவிட்டிருந்தா. வயரைத் தொட்டு எடுத்தா கோன் துள்ளணும், "டப்"னு சத்தம் வரணும். தொட்டேன். மேல் இடது வட்டத்துல டப். மத்த மூணும் கம்முன்னு இருந்துச்சு. திரும்பத் தொட்டேன். அதே ஒரு டப்.

துணி மேல விரலை வச்சு அழுத்தினேன். வழுவழுன்னு, சில்லுன்னு. எனாமல் தட்டு. மூணு வட்டத்துலயும் சோத்துத் தட்டு.

"முதலாளி, இதுல மூணு பேருக்குச் சாப்பாடு போடலாம், பாட்டுப் போட முடியாதே"ன்னேன்.

கோபப்படுவார்னு நினைச்சேன். தொடையைத் தட்டிச் சிரிச்சார். "எல்லா பேண்டும் இப்பிடித்தான் மல்லி. கல்யாணத்துக்கு வர்ற சனம் காதாலயா கேக்குது? கண்ணால."

இத்தனை பேரை ஏமாத்தி வச்சவன் நான். இந்த மனுசன் ஊரையே பத்து வருசமா ஏமாத்தியிருக்கார், அதுவும் சோத்துத் தட்டால. மரியாதையா ஒரு கும்பிடு போட்டேன்.

மோசம் என்னன்னா, லோ.அ.வுக்கு இன்னும் அதுதான் வேணும். வழி நெடுக, "மேடை நிறையும் தம்பி. ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர் போதும்." அந்த ஒண்ணும் சின்னது, என் அம்ப்புக்கு மூணு பாட்டுக்குள்ள புகைஞ்சிரும்னு சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிட்டார். இறங்கும்போது, "வெள்ளிக்கிழமை உன் பெட்டியைக் காட்டு. சரியில்லன்னா மோகன்தான்."

15, ஞாயிறு

கலஹா. மாமா அங்க தேயிலை பேக்டரியில வேலை. அடிபட்டு ஓரம் உடைஞ்ச தேயிலைப் பெட்டி ஒரு மூலையில குவிஞ்சு கிடக்கு. ரெண்டு எடுத்தேன், ஒண்ணு பெருசு, ஒண்ணு கொஞ்சம் சின்னது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு.

உள்ள வெள்ளித் தாள் பளபளன்னு. மாமா, "கிழிக்காத, அதான் பெட்டிக்கே உசிரு. ஈரம் அண்டாது."

வர்ற பஸ்ல கண்டக்டர்:

"தேயிலையா?"

"இல்லண்ணே, உள்ள வெறும் காத்து."

"ரெண்டு பெட்டிக் காத்து. ரெண்டு டிக்கெட் எடு."

ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கிறதால ஒரு பெட்டிதான்னு பேராதனை வரைக்கும் வாதாடினேன். அப்ப கைக்குழந்தைக்கும் டிக்கெட் எடுக்கணுமான்னு பின் சீட்டு அம்மாவும் என் பக்கம் சேர்ந்தாங்க. ஒரு டிக்கெட்.

17, செவ்வாய்

ஸ்கூல் விட்டு வந்து வேலை. சின்னப் பெட்டியில வட்டம் அறுத்து ஸ்பீக்கர் பூட்டினேன். வெள்ளித் தாளைக் கிழிக்கல. அக்காவும், "தகடு மாதிரி, சத்தத்தைத் திருப்பி அனுப்பும், நல்லது"ன்னா. அப்பாவும் எட்டிப் பார்த்து, "அது இருக்கட்டும், ஈரம் உள்ள போகாது." வீடே ஒரே கட்சி. மலைநாட்டுல பொறந்த யாரும் அந்தத் தாளைக் கிழிக்க மாட்டாங்க போல.

பதினாறு ஓம் ஓட்டையில வயர். அம்ப் சூடாகட்டும்னு காத்திருந்தேன். கீழ் தந்தியை ஒரே ஒரு தட்டு.

தாளிக்கிற சத்தம். கடுகு, கருவேப்பிலை, எல்லாம் சேர்த்து. அதோட பெட்டி இடுக்குல ஒளிஞ்சிருந்த தேயிலைத் தூள் எல்லாம் உடைஞ்ச ஓரம் வழியாப் புகை மாதிரி கிளம்பி அக்கா மேல. வெள்ளைச் சட்டை. கண் இமை வரைக்கும் தூள்.

அக்கா அசையாம நின்னு, "தாளைக் கிழி"ன்னா.

அப்பா உள்ளிருந்து, "யாரு கதவைத் திறந்து வச்சு கடுகு தாளிக்கிறது?"

ராத்திரி சாப்பிடல. வெள்ளிக்கு மூணு நாள்தான். இதுவும் சரிவரலன்னா மோகன் நகத்தைப் பார்த்துக்கிட்டே வாழணும். விளையாட்டுக்கு எழுதல. எனக்கு அந்தத் தந்தி அதிர்றது வயித்துல கேக்கும், வேற எதுவும் அப்படிக் கேட்டதில்ல.

18, புதன், போயா

பௌர்ணமி, ஸ்கூல் லீவு. தாளைக் கிழிச்சாச்சு. ஒவ்வொரு கிழிசலுக்கும் அப்பா, "ச்சு, ச்சு."

ஸ்பீக்கரைக் கழட்டி வர்ண பிரஷ்ஷால தூள் தட்டினோம். சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள்ள வச்சு நடுவுல மரத்தூளும் கிழிஞ்ச சாக்கும் இறுக்கித் திணிச்சோம். இது அக்கா யோசனை. சுவர் கனமானா நடுங்காதாம். பெட்டி ஓரத்துத் தகரப் பட்டி ஆடுற இடமெல்லாம் ஆணி. இப்ப ரெண்டு பேர் சேர்ந்தாதான் தூக்கலாம்.

கீழ் தந்தி. கடுகு இல்ல. தாளிப்பு இல்ல. தரை வழியா உள்ளங்காலுக்கு வந்துச்சு. அக்கா சுவத்துல கை வச்சுப் பார்த்தா.

பரிசோதனை: அப்பா தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவா வாசிச்சேன், கோப்பை தட்டுல தானா நடந்துச்சு. பக்கத்து வீட்டு பென்சன் ஐயா மூணு தரம் கேட்டடிக்கு வந்து லொறி வருதான்னு பார்த்தார். நாலாந்தரம் அவருக்காகவே வாசிச்சேன்.

20, வெள்ளி

லோ.அ. வந்தார். மோகனும். பெட்டியைச் சுத்தி நடந்தார். தோட்டத்துப் பேரும் எடையும் பக்கவாட்டுல அச்சடிச்சபடியே இருக்கு.

"இதை மேடையில வச்சா மளிகைக் கடைன்னு நினைப்பாங்க."

"கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே."

ஒரு பாட்டு வாசிச்சோம். இன்னொண்ணு. மோகன்தான், "தரை ஆடுது"ன்னான். கிளம்பும்போது லோ.அ., "முதல் பாட்டு நீ. சரியில்லன்னா ரெண்டாவதுல இருந்து மோகன். கறுப்புத் துணி போட்டு மூடு."

அம்மாவோட குடைத் துணி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

22, ஞாயிறு. ராத்திரி, அவசரமா

முதல் பாட்டுல ஒரு இடம் தப்பு. யாரும் கண்டுபிடிக்கல. மோகன் கண்டுபிடிச்சு ஓர்கனுக்கு மேல எட்டிப் பார்த்தான். அப்புறம் ஓடிருச்சு. யாரோ ஒரு மாமா சர்பத் கிளாசைப் பெட்டி மேல வச்சார், அது நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து அவர் மடியிலயே விழுந்துச்சு. நான் பாட்டை நிறுத்தல. பின்வரிசைப் பெரியவங்க ரெண்டு பேர் காலால தாளம் போட்டாங்க, போடுறது அவங்களுக்கே தெரியல.

ரெண்டாவது பாட்டு. லோ.அ.வைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கல. மோகனைப் பார்த்தேன். இடது கையால கைலேஞ்சி எடுத்து முகம் துடைச்சுக்கிட்டு இருந்தான், நிதானமா, கழுத்து வரைக்கும்.

பதினாலு பாட்டு.

23, திங்கள்

விரல் நுனியில கொப்புளம். ஸ்கூல்ல பேனா பிடிக்கல. அதைக் காட்டி கணக்குப் பயிற்சில இருந்து தப்பிச்சேன்.

பின்னேரம் லோ.அ. ஸ்கூல் வாசல்ல நிக்கிறார். எதுக்குன்னு சொல்லல. கூட்டிட்டுப் போனது தையல்கடைக்கு. பேண்ட் ஆளுங்க போடுற நீலச் சட்டைத் துணி மேசை மேல இருந்துச்சு. டெய்லர் கழுத்து, தோள், கை எல்லாம் அளந்தார். "வளர்ற பையன். தையலுக்குள்ள துணி விடவா, அளவாத் தைக்கவா?"ன்னு கேட்டார், என்கிட்ட இல்ல, லோ.அ.கிட்ட.

"விட்டே தைங்க. இன்னும் ரெண்டு மூணு வருசம் போடணும்ல"ன்னார் லோ.அ.