போர் முடியட்டும்

விழுப்புரம்
12-11-1942

அன்புள்ள மைத்துனர் சக்கரபாணி அவர்களுக்கு அரங்கநாதன் எழுதுவது. இங்கு நலம். அங்கு அக்கா கோவிந்தம்மாளும் குழந்தைகளும் நலமென நம்புகிறேன்.

இன்று முதல் இந்த வீட்டில் ‘யுத்தம்’ என்ற சொல் வழங்காது. உணவு வேளை தவிர மற்ற நேரமெல்லாம் மூன்று நாள் எண்ணிப் பார்த்து, நேற்று மாலை ஐந்தே காலுக்கு இந்த முடிவுக்கு வந்தேன். அது வடசொல். ‘சண்டை’யோ கிணற்றடிக்கு ஏற்றது, இரண்டு குடத்துக்கு மேல் தாங்காது. ஐரோப்பாவையும் ஜப்பானையும் தாங்கக்கூடிய சொல் ‘போர்’ ஒன்றுதான். பள்ளியில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டேன். உங்கள் தங்கை காந்திமதிக்கு வாயால் அறிவித்தேன். “காப்பிக்கு என்ன தமிழுன்னு சொல்லிட்டுக் குடிங்க” என்று டம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். இலக்கியச் சான்றுகள் இத்தாளின் பின்பக்கம் முழுவதும் உள்ளன. வண்டி பற்றி அடுத்த தாளில்.

நிற்க. வண்டியும் நின்றுவிட்டது. சென்ற அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு வாடகைக்குப் போன நம் மோட்டாரில், திரும்பும்போது நானும் ஏறிக்கொண்டேன். திண்டிவனத்தில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியிருந்தது. செஞ்சியில் டிரைவர் ராயப்பன், “தண்ணி ஊத்திக்கினு போலாங்க, கொதிக்குது” என்றான். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் “போ” என்றேன். ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது எஞ்சின் ஓர் ஓசையிட்டு அடங்கியது. அதைக் காளைகள் உங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தன. நான் வேறொரு மாட்டுவண்டியில் கூட்டத்துக்குப் போய்விட்டதால் உங்களைப் பார்க்க இயலவில்லை. கூட்டத்தில் பதினொருவர் இருந்தனர்.

எஞ்சினைப் பழுது பார்ப்பதா, வேறு மாற்றுவதா என்று ஆராய்ந்து எழுதுங்கள். வண்டி ஓடினால் ராயப்பனுக்குச் சம்பளம், ஓடாவிட்டால் இல்லை என்பது ஏற்பாடு. அவனுக்கு மனைவி செண்பகமும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே டாக்டரின் காரைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நன்றாக ஓடுகிற வண்டியாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்களாம்.

அன்புள்ள,
அரங்கநாதன்


திண்டிவனம்
17-11-1942

மாப்பிள்ளை அவர்களுக்கு சக்கரபாணி எழுதிக்கொண்டது. எல்லாரும் சௌக்கியம். தங்கச்சி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீபாவளிக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் முதல் தாளை வீட்டில் கோவிந்தம்மாள் படித்தாள். படித்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு ஸ்கூல்ல வேலை கம்மி போலக்குது” என்றாள். நான் வண்டி பற்றி இருந்த தாளை மட்டும் படித்தேன்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் ஓடினதில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு, நாலு சிலிண்டரிலும் உள்சுவர் கீறிப்போயிருக்கிறது. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, போர் போடுவது. அதாவது கீறல் போகிற மட்டும் சிலிண்டரை உள்ளே கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் போட வேண்டும். பட்டணத்துக்கு அனுப்பினால்தான் ஆகும். போர் முடிந்தால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. இரண்டாவது, எஞ்சினையே மாற்றுவது. விக்கிரவாண்டியில் கவிழ்ந்த லாரியின் எஞ்சின் ஒன்று கிடக்கிறது. அதைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் உட்காரும். போர் போடுவதே மேல் என்பது என் எண்ணம். உங்கள் சொல்படி செய்கிறேன்.

ராயப்பன் பட்டறையிலேயே இருக்கிறான். புதுச்சேரி பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டுமென்று அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “ஐயா வேணான்னா நான் போமாட்டேன். ஆனா ஜல்தியா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, ஊட்ல அடுப்பு எரியணும்” என்கிறான். மாசக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

இப்படிக்கு,
சக்கரபாணி


விழுப்புரம்
24-11-1942

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒரு பழைய எஞ்சினைத் திருத்துவதா அகற்றுவதா என்பது, ஒரு மொழியைத் திருத்துவதா அகற்றுவதா என்பதற்கு இணையான வினா. ஆகவே விடை சொல்லச் சற்றுத் தாமதமாயிற்று.

என் முடிவை ஒரே வரியில் எழுதுகிறேன். போர் முடியட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணத்தை எழுதுவதற்கில்லை. இந்நாளில் கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுகின்றன. அறிவுடையார்க்குக் குறிப்பே போதும்.

ராயப்பனிடம் நான் சொன்னதாக இதை அப்படியே சொல்லுங்கள்: போர் முடிந்ததும் வண்டி அவன் கையில்தான். புதுச்சேரிக்கெல்லாம் போக வேண்டாம். இது என் வாக்கு.

காந்திமதி பொங்கலுக்கு வருவாள்.

அன்புள்ள,
அரங்கநாதன்


திண்டிவனம்
6-1-1943

மாப்பிள்ளை அவர்களுக்கு,

போர் முடிந்தது. பிஸ்டன் நாலும் புதிது. உங்கள் உத்தரவுப்படி எஞ்சின் பிளாக்கை ரயிலில் பட்டணத்துக்கு அனுப்பிக் கடைந்து வர ஐந்து வாரம் ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் பட்டாளத்து வேலை. எஞ்சின் இப்போது பேசுகிற மாதிரி ஓடுகிறது. இவ்வளவு நல்ல வேலை நான் இதுவரை செய்ததில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன். ராயப்பன் உங்கள் வாக்கைக் கேட்டதும் பஸ்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஐந்து வாரமும் கடன் வாங்கித்தான் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடித்துக்கொண்டு வண்டியை எடுத்து வருகிறான். முதல் ஐந்நூறு மைல் இருபதுக்கு மேல் வேகம் கூடாது. கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சக்கரபாணி


விழுப்புரம்
19-1-1943

மைத்துனர் அவர்களுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தங்கள் கார்டு வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் என் கைக்கு வந்தது. ‘போர் முடிந்தது’ என்று முதல் வரி. அதற்கு மேல் படிக்காமல் எழுந்து நின்று வகுப்புக்கு அறிவித்தேன். தலைமையாசிரியர் மணியடிக்கச் சொன்னார். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மகனைப் பட்டாளத்தில் விட்டிருக்கும் பியூன் முத்துசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு இரண்டாம் வரியைப் படித்தேன்.

நான் எழுதிய போர், உலகத்தில் நடப்பது. நீங்கள் போட்ட போர், சிலிண்டரில் போடுவது. உலகப் போர் முடிகிற வரை எஞ்சின் கெட்டபடியே கிடக்க வேண்டும், கெட்ட வண்டியைச் சர்க்கார் எடுக்காது, முடிந்தபின் புது எஞ்சின் வாங்கலாம் என்பது என் திட்டம். இச்சொல்லை இனி எப்பொருளில் வழங்குவேன் என்பதை நவம்பர் 12-ஆம் தேதிக் கடிதத்தின் முதல் தாளிலேயே சான்றுகளோடு விளக்கியிருந்தேன். அதைத் தாங்கள் படிக்கவில்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஞாயிறன்று ராயப்பன் இருபது மைல் வேகத்திலேயே வந்தான். விக்கிரவாண்டிக்கு இப்பால் பட்டாளத்து அதிகாரி ஒருவரின் கார் அவன் பின்னால் சிக்கிக்கொண்டது. அவர் ஆரன் அடித்தார். அவன் ஒதுங்கி வழி விட்டான். ஆனால் அதற்குள் அவர் நம் எஞ்சினின் ஓசையைக் கேட்டுவிட்டார். இறங்கி வந்து, மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, “யார் செய்த வேலை?” என்று விசாரித்திருக்கிறார். ராயப்பன் பெருமையாகத் தங்கள் பெயரைச் சொன்னான். அவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். வியாழனன்று உத்தரவு வந்தது. இன்று காலை வண்டி போயிற்று.

ராயப்பன் விட்ட பஸ் வேலையை வேறொருவன் பிடித்துவிட்டான். வண்டியில்லாமல் டிரைவரை நான் வைத்துக்கொள்வதற்கில்லை. நல்ல வேளையாகப் பட்டாளத்துக்கு டிரைவர்களும் தேவைப்படுகிறார்கள். நானே ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் தமிழில் எழுதினேன், பிறகு ஆங்கிலத்தில். காந்திமதி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வராததற்கு அவளை மன்னியுங்கள்.

அரங்கநாதன்


திண்டிவனம்
27-1-1943

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தப்பு என்னுடையதும்தான். முதல் தாளைப் படித்திருக்க வேண்டும். ஆனால் ஊரில் எல்லாரும் சண்டை என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் சண்டை என்றே எழுதியிருக்கலாம். பட்டறையில் இருபது வருஷமாகப் போர் என்றால் எங்களுக்கு ஒரே போர்தான்.

ராயப்பன் நேற்று சொல்லிக்கொள்ள வந்தான். செண்பகமும் பிள்ளைகளும் வந்தார்கள். சின்னது இன்னும் இடுப்பை விட்டு இறங்காத வயசு. நடந்ததைச் சொன்னேன். செண்பகம் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, “இம்மாம் படிச்சிருக்கீங்களே, ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்தையையா வச்சிக்கினு இருக்கீங்க? வேற கெடைக்கலீங்களா?” என்றாள். ராயப்பன், “சும்மா இரு. ஐயா வேணும்னா செஞ்சாரு?” என்றான். கிளம்பும்போது என்னிடம், “எஞ்சினு ஆயிரத்துல ஒண்ணுங்க. அத்த ஓட்டிக்கினே இருந்தா போதும், எங்க போனா என்ன” என்றான். ஆனால் அவனுக்கு லாரிதான் கொடுப்பார்களாம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தங்கச்சிக்கு அண்ணன் என்கிற முறையில் இதுவரை எதுவும் கேட்டதில்லை. விக்கிரவாண்டிக்குக் கிழக்கே உங்கள் புஞ்சை தரிசாகக் கிடக்கிறது. அரை ஏக்கரை அவன் திரும்பும் வரை செண்பகத்துக்கு விடுங்கள். கேப்பையோ மல்லாட்டையோ போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்வாள். ராயப்பன் அனுப்புகிற பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சக்கரபாணி


விழுப்புரம்
10-2-1943

மைத்துனர் அவர்களுக்கு,

அரை ஏக்கர் என்பது கேட்கும்போது சிறிதாகத்தான் தெரிகிறது. ஆனால் இன்று ராயப்பன் மனைவிக்கு என்றால், நாளை பட்டாளத்துக்குப் போகிற ஒவ்வொருவனுடைய மனைவிக்கும் என்று ஆகும். தரிசு நிலத்தையும் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆழ்ந்து சிந்தித்து எழுதுகிறேன். விதைப்புக்கு ஆடி வரை நாள் இருக்கிறது.

காந்திமதி இப்போது பேசுகிறாள். “அண்ணன் கேட்டது என்னாச்சு?” என்ற ஒரே கேள்வியைத்தான் பேசுகிறாள்.

அரங்கநாதன்


திண்டிவனம்
3-7-1944

மாப்பிள்ளை அவர்களுக்கு,

புஞ்சை விஷயமாக நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. போன வருஷ ஆடியும் போயிற்று. அது கிடக்கட்டும்.

ராயப்பனின் தகப்பனார் சவுரிராயனுக்குப் பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். அஸ்ஸாம் பக்கத்தில் மழையில் மலைச் சாலை சரிந்து, மே மாதம் 19-ஆம் தேதி லாரியோடு விழுந்துவிட்டான். கோயிலில் மணியடித்து ஜெபம் செய்தார்கள். நான் வெளியில் நின்றேன்.

செண்பகம் ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போகிறாள். இந்தப் பக்கமெல்லாம் பேதி கண்டிருக்கிறது. மழை இன்னும் வரவில்லை. இப்போது நிலத்தைக் கொடுத்தாலும் விதைக்கலாம்.

சக்கரபாணி


விழுப்புரம்
2-2-1945

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நெடுநாளாக எழுத இயலவில்லை. மன்னியுங்கள். பள்ளியில் அருஞ்சொற்பொருள் அகராதி ஒன்று தொகுத்து வருகிறேன். ‘ப’ வரிசையில் இருக்கிறேன்.

ராயப்பன் பற்றி எழுதியிருந்தீர்கள். மிகவும் வருந்தினேன். நல்ல ஓட்டுநன்.

நம் வண்டிக்கு இழப்பீடு கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் ஒருவழியாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. எஞ்சின் பழுது பார்க்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்று கேட்கிறார்கள். வேலை செய்தவர் என்ற முறையில் தாங்கள் ஒரு சான்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வேலை மிக உயர்ந்தது என்பதைச் சற்று அழுத்தமாகவே எழுதலாம்.

வண்டியைக் கடைசியாக ஓட்டியவர் கையெழுத்தும் வேண்டுமாம். அவன் இல்லாதபடியால் மனைவியின் பெருவிரல் ரேகை போதும் என்று விசாரித்து அறிந்தேன். படிவத்தை இணைத்திருக்கிறேன். செண்பகத்தைத் தாங்களே கூப்பிட்டு, கீழ் வரிசையில் மை பரவாமல் வைக்கச் சொல்லுங்கள். புஞ்சை பற்றியும் அநேகமாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற ஆடியில் அவள் விதைக்கத் தடையில்லை.

அன்புள்ள,
அரங்கநாதன்


திண்டிவனம்
11-2-1945

ஐயா,

தங்கள் 2-ஆம் தேதிக் கடிதமும் படிவமும் கிடைத்தன. கேட்ட சான்று வருமாறு:

மேற்படி மோட்டார் வண்டியின் எஞ்சின் மாற்றப்படவில்லை. நாலு சிலிண்டரும் போர் போட்டு, புதுப் பிஸ்டன் வைத்துப் பழுது பார்க்கப்பட்டது. 1943 ஜனவரி 10-ஆம் தேதி பட்டறையை விட்டுப் போகும்போது நல்ல நிலையில் ஓடியது. வேலை செய்தது நான்.

படிவத்தின் கீழ் வரிசையில் ரேகை வைக்கவில்லை. செண்பகம் மார்கழிக் கடைசியில் திண்டிவனத்தில் ரயில் ஏறிப் போய்விட்டாள். எந்த ஊருக்கு என்று மாமனார் சவுரிராயனுக்கும் தெரியவில்லை. பெரிய பிள்ளை கூட இருந்தது. சின்னதை ஐப்பசியில் அடக்கம் செய்தார்கள்.

இப்படிக்கு,
கு. சக்கரபாணி
மோட்டார் பட்டறை, திண்டிவனம்